கடைசி பெஞ்சில் அம்மா

ஒரு போட்டோவால் என் படிப்பு நிற்க இருந்தது. இன்றைய பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. பெண்களுக்கு மட்டும், எட்டாம் வகுப்புவரை. எட்டாவது தேறினால் டிரெயினிங்குக்குப் போகலாம், டிரெயினிங் முடித்தால் டீச்சராகலாம் என்று எங்கள் பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சாந்தோமிலிருந்து குடை பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. எட்டாவது தேற வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை அதட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதற்குத்தான் ஊரே குறுக்கே வந்து நின்றது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பாவுக்கு ஓர் அக்கா, வேலூரில். ஒரு கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று அத்தைக்குக் கோபம். கூப்பிட்டேன், காதில் விழவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று அப்பாவுக்குக் கோபம். வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. பிடித்தால் விட மாட்டார்கள்.

அப்பா பிடித்து வைத்திருந்த இன்னொரு விஷயம், துணை. பெண்பிள்ளை துணையில்லாமல் தெருவில் நடக்கக் கூடாது, துணையில்லாமல் வீட்டிலும் இருக்கக் கூடாது. அப்பா மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் இதே பாட்டுத்தான். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆயாவை வைத்திருந்தார்கள். காலையில் ஆயா வீடு வீடாக வந்து குரல் கொடுப்பாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் சேர்ந்துகொள்வோம். சாயங்காலம் அதேபோல் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுப் பொம்பளை கையில் பெண்ணை ஒப்படைத்த பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகர்வாள். வீட்டில் பொம்பளை இல்லையென்றால் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்ப நடப்பாள். மழையானாலும் இதே கதைதான்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஆண்டுவிழா வந்தது. லஸ்ஸில் போட்டோக் கடை வைத்திருந்தவர் மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்து எங்களை வரிசையாக உட்கார வைத்தார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சில வீடுகளில் முனகினார்கள். பெரிய டீச்சர், "என் அறையில் மாட்டத்தான்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயா மூலம் சொல்லியனுப்பியதால் சரி என்றார்கள். நான் குள்ளம். முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் சிநேகிதி. அவள் அத்தா அத்தர் வியாபாரி. தலையில் போட்ட முக்காட்டை அவள் சரிசெய்து சரிசெய்து, கடைசியில் கையைத் தூக்கியபடியே படத்தில் விழுந்துவிட்டாள்.

இதற்கு மேல் நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா டிராமை விட்டு லஸ்ஸில் இறங்கியிருக்கிறார். வெற்றிலை பாக்கு வாங்கக் கடையில் நின்றவரை, கூட வேலை பார்க்கிற ஒருவர் முதுகில் தட்டி, "உங்க பொண்ணு முன் வரிசையிலே ஜோரா விழுந்திருக்கு சார்!" என்றாராம். அப்பா திரும்பிப் பார்த்தால், பக்கத்துப் போட்டோக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் பள்ளிக்கூடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் டிராமுக்குக் காத்திருக்கிற ஆம்பளைகள் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா வெற்றிலைகூட வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

"நாளையிலேருந்து நீ பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் என்னப்பா பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலே. போக வேணாம்னா வேணாம்."

நான் ஒன்றும் பண்ணவில்லையாம், ஆனாலும் போகக் கூடாதாம்! இது என்ன நியாயம்? அன்றிரவு நான் சாப்பிடவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை. மறுநாள் காலை ஆயா வந்து குரல் கொடுத்தபோது எல்லா வீட்டிலும் இதே பதில். எங்கள் எதிர்வீட்டு மாமி சத்தம் போட்டது என் காதில் விழுந்தது. "எங்காத்துப் பொண்ணைக் கடைத்தெருவுல மாட்டி வச்சுண்டு, இப்போ குரல் வேற குடுக்கறயா? போடி, போ!" ஆயா தனியாகவே நடந்து திரும்பினாள். பெண்கள் யாரும் பின்னால் இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் அப்பாக்கள் எல்லாரும் கூடினார்கள். அங்கே நடந்ததை அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன். எல்லாரும் போட்டோக்காரர் மேல்தான் பாய்ந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமா வக்கீல். அந்த ஆள்மேல் கேஸ் போடலாம் என்று அவர் சொன்னதும் கூட்டத்துக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டதாம். திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டதே! அப்படியே விட்டிருந்தால் திங்கட்கிழமை நான் வகுப்பில் இருந்திருப்பேன். அப்போது பெரிய டீச்சர் எழுந்து நின்றிருக்கிறார்.

"அவர் மேல் தப்பில்லை. கடையில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டார். நாலு பேர் பார்த்தால் இன்னும் பெண்கள் சேர்வார்கள் என்று நான்தான் சரி என்றேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது."

ஐயோ கடவுளே! வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா அந்த அம்மாள்? அரிச்சந்திரன் மகள் என்று நினைப்பா? கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்பார்த்தபடி கூட்டம் கொதித்துப்போய், இனி ஒரு பெண்ணும் வர மாட்டாள் என்று சொல்லிவிட்டுக் கலைந்திருக்கிறது.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லத் தெரியாத பொம்பளையா இருக்கா. அவகிட்ட பொண்ணை விடலாம்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அப்பா. பேச்சு அத்தோடு முடிந்தது.

படத்தைக் கடையிலிருந்து எடுத்தாயிற்று. வக்கீல் மாமா முன்னாலேயே படம் பதிந்த கண்ணாடித் தகட்டையும் உடைத்தாயிற்று. அப்படியும் யாரும் பெண்ணை அனுப்பவில்லை. அவர்கள் கோபம் படத்தின் மேலே இல்லை என்பது எனக்கே புரிந்தது. சொன்ன சொல் ஒன்று, செய்தது ஒன்று. அதைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து பழைய பாடத்தையே திருப்பித் திருப்பிப் படித்து, அதுவும் அலுத்து, பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். பெரிய டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். மாமி வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"இனிமே வாய்வார்த்தை எடுபடாதும்மா. எங்க வீட்டுப் பொம்பளைங்கள்ல ஒருத்தர், பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து மூடறவரைக்கும் துணைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கணும். யார் வர்றாங்க, யார் போறாங்க, எல்லாம் அவங்க கண்ணுல படணும். சம்மதம்னா சொல்லுங்க."

இதற்கு எந்தத் தலைமையாசிரியையும் சம்மதிக்க மாட்டார். பேச்சை முடிக்கத்தான் அப்பா அப்படிச் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

"நாளைக்கே வரட்டும்" என்றார் பெரிய டீச்சர்.

அப்பாவின் யோசனை எல்லா வீட்டிலும் எடுபட்டது. அடேயப்பா, என்ன பாராட்டு! அதற்குப் பிறகு யார் வருவது என்று கேட்டால் ஆளுக்கொரு சாக்கு. மாமிக்கு மடி, சமையல், அதற்குமேல் இடுப்புவலி. இன்னொரு வீட்டில் கைக்குழந்தை. என் சிநேகிதியின் அம்மா கோஷா, தெருவுக்கே வர முடியாது. திரைக்குப் பின்னாலிருந்தே என்னிடம், "உங்க அம்மா இருக்காங்கன்னா எங்களுக்குப் போதும் பிள்ளை" என்றார்கள். கடைசியில் எல்லார் விரலும் எங்கள் வீட்டைக் காட்டியது. ஒரே பெண், மாமியார் இல்லை, யோசனை சொன்னதும் அவர்கள் வீட்டுக்காரர்தானே!

"வீட்டுல எனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அம்மா அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். அப்பா டிராமுக்குக் கிளம்பிவிட்டார்.

வகுப்பில் அம்மா உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட கழுத்தறுப்பு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடைசி பெஞ்சு அம்மாவுக்கு. வீட்டு வேலை கெடக் கூடாது என்று முறமும் அரிசியும் கொண்டுவந்துவிடுவாள். டீச்சர் பூகோளம் நடத்தும்போது பின்னாலிருந்து கல் பொறுக்குகிற சத்தம் சரக் சரக்கென்று கேட்கும். யாராவது தலைக்கு எண்ணெய் தடவாமல் வந்தால், "ஏண்டி, உங்க வீட்டுல எண்ணெய்க்குப் பஞ்சமா?" என்பாள். கணக்கு நீண்டுகொண்டே போனால், "போதும் டீச்சர், குழந்தைங்க முகம் வாடிப்போச்சு" என்பாள். என்னைக் கேள்வி கேட்டு நான் தப்பாகச் சொன்னால் கேட்கவே வேண்டாம், எல்லார் எதிரிலும், "ராத்திரி படிடீன்னா தூங்கினே இல்லே!" என்று மானத்தை வாங்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து அதட்டப்போகிற நான், பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனாலும் மற்ற வீடுகளிலிருந்து பெண்கள் முழுசாகத் திரும்பவில்லை. இரண்டு பேர் வந்தால் மூன்று பேர் நிற்பார்கள். பெரிய டீச்சர் இளைத்துப்போனார். எட்டாம் வகுப்புக்கு ஆள் இல்லாவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிடுவார்கள் என்று ஆயா சொன்னாள்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். வழக்கமாக ஓர் அம்மாள்தான் வருவார். அந்தத் தடவை அவருக்குப் பதிலாக ஓர் ஐயா. கோட்டு, தலைப்பாகை, கைத்தடி, பின்னால் ஒரு சேவகன். வாசலில் காற்றாட உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு எழுந்து குறுக்கே நின்றாள்.

"யாரைப் பார்க்கணும்?"

"நான் இன்ஸ்பெக்டர்."

"இருக்கட்டும். ஆம்பளைங்க உள்ளே வர்றதுன்னா பெரிய டீச்சர் வந்துதான் கூட்டிக்கிட்டுப் போகணும். அதுவரைக்கும் இப்படி நில்லுங்க."

சேவகன் ஏதோ அதட்டினான். "உன்னையும்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பிராணனே போய்விட்டது. பெரிய டீச்சர் மேல்மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த ஐயா வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டார். போச்சு, பள்ளிக்கூடத்தையே மூடப்போகிறார்கள், அதுவும் என் அம்மாவால் என்று நான் வகுப்பிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. எங்களிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, கடுகடுவென்று போய்விட்டார். ஆனால் சாயங்காலம் ஆயா ஒவ்வொரு வாசலிலும் பெண்ணை ஒப்படைக்கும்போதே செய்தியையும் ஒப்படைத்துவிட்டாள். "இன்ஸ்பெட்டரையே வெயில்ல நிக்க வச்சிட்சிம்மா அந்தம்மா! 'நீ யாரா இருந்தா இன்னா, நில்லு'ன்னு சொல்லிட்சி. நான் என் கண்ணால பாத்தேன். இனிமே உங்க பொண்ணுங்களுக்கு இன்னா கவலை கீது?" கேட்டவர்கள் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். அந்த வாரமே மாமி தன் பெண்ணைத் தானே கொண்டுவந்து விட்டாள். ஆழ்வார்பேட்டையிலிருந்துகூடப் புதுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய டீச்சரும் அதற்குப் பிறகு ஆயா புடவை மாற்றினால்கூட வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பினார். எட்டாம் வகுப்பு நிலைத்தது. நானும் அதில் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே அம்மாவும் முறமும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தை மாதம் நான் பெரியவளானேன்.

சடங்கு நடந்தது. அதற்குக்கூட அத்தை வரவில்லை. அது முடிந்த அன்றே அப்பா, "போதும் படிச்சது" என்றார். பள்ளிக்கூடத்தை நீங்கள் நம்பவில்லையா என்று கேட்டேன். நம்புகிறேன் என்றார். அம்மா அங்கேதானே இருக்கிறாள் என்றேன். இருக்கட்டும் என்றார். பரீட்சைக்கு இரண்டு மாசம்தானே இருக்கிறது என்றேன். "சமைஞ்ச பொண்ணு பெஞ்சில உட்கார்றது நம்ம வீட்டு வழக்கமில்லே" என்றார். சுவரிடம் பேசியிருக்கலாம். போன வருஷம் போட்டோ, இந்த வருஷம் இது. எத்தனை பேர் சமாதானமானால் என்ன, என் ஒருத்திக்கு மட்டும் விடிவு கிடையாதா? என் புத்தகங்களைச் சுவரில் வீசி எறிந்தேன். அம்மா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவைவிட அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலை ஆயா வாசலில் குரல் கொடுத்தாள். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் அப்பா.

"பள்ளிக்கூடத்துக்கு."

"இவளைத்தான் நிறுத்தியாச்சே!"

"இவளைத்தானே நிறுத்தினீங்க? என்னையா நிறுத்தினீங்க? நான் உட்கார்ந்திருக்கேன்னுதானே எல்லா வீட்டுலேயும் பொண்ணை அனுப்பறாங்க. நான் நின்னேன்னா அத்தனை பேரும் நின்னுடுவாங்க. துணை உட்காரணும்னு ஊருக்கே சொன்னது நீங்க. போறது உங்க வார்த்தைதான்."

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டார். "சரி, போயிட்டு வா."

அம்மா நகரவில்லை. "இவளை என்ன பண்றது?"

"இவளுக்கென்ன?"

"வயசுக்கு வந்த பொண்ணைத் துணையில்லாம வீட்டுல விட்டுட்டுப் போகவா? நீங்க ஆபீசுக்குப் போகாம உட்கார்ந்திருப்பீங்களா? இல்லே, வேலூருக்கு ஆள் அனுப்பி உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குடையை எடுத்தார். டிராமுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கூட்டிக்கிட்டுப் போய்த் தொலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் சுவரோரம் கிடந்த புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த இரண்டு மாசமும் அம்மாவின் முறச் சத்தத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அவள் ஒரு நாள் வராவிட்டால் மாமி தன் பெண்ணை நிறுத்துவாள், சிநேகிதி வீட்டில் நிறுத்துவார்கள், வகுப்பே கலைந்துபோகும் என்று நம்பி, அவளுக்குத் தலைவலி என்றால்கூட நானே கைபிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பரீட்சை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

பரீட்சை முடிந்த மறுநாளும் மற்ற வகுப்புகள் நடந்தன. காலையில் ஆயா குரல் கொடுத்தாள். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "போம்மா, நேரமாச்சு" என்றேன். "நான் வரலேன்னு சொல்லிடு" என்றாள். வாசலுக்கு ஓடினேன். ஆயாவின் பின்னால் சின்ன வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஆயா, அம்மா வரலையாம். இப்போ எல்லா வீட்டுலேயும் நிறுத்திடுவாங்களே!"

ஆயா சிரித்தாள். "இன்னாம்மா நீ, எந்தக் காலத்துல கீறே? போன ஆடிலேருந்து எந்த வூட்லயும் 'அந்தம்மா வந்துச்சா'ன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. பெரிய டீச்சர் மேல எல்லாருக்கும் நம்பிக்கை வந்துட்சி. 'நீ நின்னுக்கோம்மா, ஒண்ணும் ஆவாது'ன்னு உங்கம்மா கையில நானே சொன்னேன். அதுதான் கேக்காம வந்துகினு இருந்திச்சி."

ஆயா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே திரும்பினேன். அப்பாவின் முகத்துக்கு நேரே, கண் இமைக்காமல், 'அத்தனை பேரும் நின்னுடுவாங்க' என்று சொன்னவள், முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய்யாம்மா சொன்னே?" என்றேன்.

"அப்பா குளிச்சிட்டு வர்ற நேரம். வாயை மூடு" என்றாள் அம்மா.